கணவாய்க் காற்றும் மாற்று சைலென்சரும்

மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் விட்டுக்கொடுத்த இடைவெளிதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளிக்குள் நெருக்குண்டு, வேகம் கூடி, கிழக்கே முப்பந்தல் பக்கம் பாய்கிறது. அங்கே காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதற்குக் காரணமும் அதுதான். அந்த மாதங்களில் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவிலுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். வடமேற்கே திரும்பினால் கீரிப்பாறை, காளிகேசம், மாறாமலை என்று ரப்பர்த் தோட்டமும் காடும் தொடங்கிவிடும். தார் போய் சரளையும், சரளை போய் உருண்டைக் கல்லும் வரும். ஒரே காலைப்பொழுதில் நெடுஞ்சாலையையும் மலைப்பாதையையும் ஓட்டிப் பார்க்கக்கூடிய ஊர் இது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், ஹீரோ எக்ஸ்பல்ஸ், கேடிஎம் 390 அட்வென்சர் போன்ற வண்டிகள், அதாவது சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான டூயல் ஸ்போர்ட் வகை வண்டிகள், இந்தப் பக்கம் விரும்பப்படுவதில் வியப்பில்லை. வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வண்டி வாங்கியவர்களில் பலர் அதில் செய்ய நினைக்கும் முதல் மாற்றம் டயர் அல்ல, சஸ்பென்ஷன் அல்ல, சைலென்சர்.

எந்த சைலென்சர் வாங்கலாம் என்ற கேள்விக்குக் கடைகளும் காணொளிகளும் தரும் விடைகள் மூன்று அளவுகோல்களைச் சுற்றியே வருகின்றன: சத்தம் எப்படி, எத்தனை குதிரைத்திறன் கூடும், எத்தனை கிலோ குறையும். பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கு இவை சரியான கேள்விகளாக இருக்கலாம். டூயல் ஸ்போர்ட் வண்டிக்கு முதல் கேள்வி வேறு. இன்ஜின் எந்தச் சுழற்சி வேகத்தில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறதோ, அந்த வேகத்தில் இந்தக் குழாய் அதற்கு உதவுகிறதா, இடைஞ்சல் செய்கிறதா என்பதே அது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சந்தையில் கிடைக்கும் மாற்று சைலென்சர்களில் பெரும்பாலானவை தோற்றுவிடும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அவற்றுக்கு ஒரே ஒரு நியாயமான ஆதாயம் உண்டு, அது எடை. அந்த ஆதாயத்தையும் ஒருவர் சட்டத்துக்கு உட்பட்டு அடைய இன்று நம் நாட்டில் வழியில்லை. அந்த வழியைத் திறக்க வேண்டும் என்பது வாதத்தின் மறுபாதி.

முதலில் குழாயைத் திறந்து பார்க்கலாம். நிறுவனம் பொருத்தித் தரும் சைலென்சரை நீளவாக்கில் அறுத்தால் உள்ளே இரண்டு மூன்று அறைகள் தெரியும். அறைகளுக்கு நடுவே தகடுகள். தகடுகளைத் துளைத்துச் செல்லும் சிறு குழாய்கள். அவற்றில் சிலவற்றின் உடம்பெல்லாம் பொத்தல். இன்ஜினிலிருந்து வரும் புகை ஓர் அறையில் விரிந்து, திரும்பி, வேறொரு குழாய் வழியாக அடுத்த அறைக்குப் போய், மறுபடி திரும்பித்தான் வெளியேறும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒலியலைகள் ஒன்றையொன்று கொஞ்சம் அழித்துக்கொள்கின்றன. கடையில் வாங்கும் மாற்று சைலென்சர் பெரும்பாலும் வேறு வகை. நடுவில் நேராக ஒரு பொத்தல் குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு, அதற்கு மேல் உறை, அவ்வளவுதான். பஞ்சு உயர்ந்த சுருதிகளை உறிஞ்சும். தாழ்ந்த அதிர்வு அப்படியே வெளியே வரும். அந்தத் தாழ்ந்த அதிர்வைத்தான் ‘பேஸ்’ என்று சொல்லி விற்கிறார்கள். குழாயின் வாயில் ‘டிபி கில்லர்’ என்ற சிறு அடைப்பு ஒன்று செருகியிருக்கும். பல சைலென்சர்களில் அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு போல்ட். அந்த போல்ட்டைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். வாங்கியவர்களில் பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பஞ்சும் கருகி, பொடிந்து, புகையோடு போய்விடும். வாங்கிய அன்று கேட்ட சத்தம் வேறு, ஒரு வருடம் கழித்துக் கேட்கும் சத்தம் வேறு.

அடைப்பில்லாத குழாயில் புகை தடையின்றி ஓடும், ஆகவே இன்ஜின் வலுக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இதற்கு எதிராக ஒர்க்‌ஷாப்களில் சொல்லப்படும் ‘கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தாத்தான் பிக்கப் வரும்’ என்ற வாக்கியமும் பாதி உண்மைதான். எதிரழுத்தத்தால் இன்ஜினுக்கு நேரடியாக எந்த நன்மையும் இல்லை. நன்மை செய்வது அலை. வெளியேற்று வால்வு திறந்ததும் சூடான வாயு ஓர் அழுத்த அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தை அடைந்ததும் தாழ்வழுத்த அலையாகத் திரும்புகிறது. இரண்டு வால்வுகளும் ஒருசேரச் சற்றே திறந்திருக்கும் அந்தக் கணத்தில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி எடுத்து, புதுக்காற்று உள்ளே வர வழிவிடும். நேரம் தப்பி வந்தால் அதே அலை புகையை உள்ளே தள்ளும். அலை போய்த் திரும்பும் நேரத்தைக் குழாயின் நீளமும் வாயுவின் வெப்பமும் தீர்மானிக்கின்றன. வால்வுகள் திறந்திருக்கும் நேரத்தை இன்ஜினின் சுழற்சி தீர்மானிக்கிறது. ஆகவே எந்தக் குழாயும் எல்லாச் சுழற்சியிலும் உதவ முடியாது. நீண்ட, குறுகிய குழாய் தாழ்ந்த சுழற்சியில் உதவும். குட்டையான, அகன்ற குழாய் உயர்ந்த சுழற்சியில் உதவும். ஓரிடத்தில் கூட்டினால் மற்றோரிடத்தில் குறையும். விளம்பரத்தில் அச்சாகும் குதிரைத்திறன் எண் எப்போதும் கூடிய இடத்தின் எண். குறைந்த இடத்தின் எண்ணை யாரும் அச்சிடுவதில்லை.

குறைந்த இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணவாயே சாட்சி. பழைய 411 சிசி ஹிமாலயனை எடுத்துக்கொள்வோம். அதன் உச்சத் திறன் 6,500 சுழற்சியில் ஏறத்தாழ 24.5 குதிரைத்திறன், உச்ச முறுக்குவிசை 4,000 முதல் 4,500 சுழற்சிக்குள் 32 நியூட்டன் மீட்டர். காற்றில்லாத நாளில் நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போக, காற்றின் தடையை வெல்ல மட்டும் ஏறக்குறைய ஐந்தரைக் குதிரைத்திறன் வேண்டும். எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வண்டி சாலையில் 80-இல் போனாலும் காற்றைப் பொறுத்தவரை 120-இல் போகிறது. தடை வேகத்தின் இருமடியாகக் கூடுவதால் இரண்டேகால் மடங்காகிவிடும். தேவை 12 குதிரைத்திறன். டயர் உருளும் தடையையும் சேர்த்தால் 14-ஐ நெருங்கும். இப்போது இன்ஜினிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 4,250 சுழற்சியில் 32 நியூட்டன் மீட்டர் என்றால் 19 குதிரைத்திறன். கையிருப்பு ஐந்து. ஒரு லாரியைத் தாண்டவும், ஏற்றத்தைச் சமாளிக்கவும், பக்கவாட்டில் வரும் காற்று வீச்சில் வண்டியை நிதானத்தில் வைக்கவும் இருப்பது அந்த ஐந்துதான். மாற்று சைலென்சர் 6,500 சுழற்சியில் ஒரு குதிரைத்திறனைக் கூட்டி, 4,250-இல் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டது என்றால் கையிருப்பு மூன்றாகிவிடும். தாளில் வண்டி வலுத்திருக்கிறது. சாலையில் ஓட்டுகிறவர் ஒரு கியர் குறைத்து, இன்ஜினைக் கத்தவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தோராயங்கள்தான். ஆனால் தோராயத்தைக் கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்தினாலும் முடிவு மாறாது: உச்சியில் கிடைக்கும் ஒரு குதிரைத்திறனைவிட நடுவில் இழக்கும் இரண்டு குதிரைத்திறன் பெரிது.

மலைப்பாதையில் இது இன்னும் கூர்மையாகும். காளிகேசம் போன்ற இடங்களை ஒட்டிய கல்பாதையில் வண்டி முதல், இரண்டாம் கியரில், 2,000 முதல் 3,500 சுழற்சிக்குள் ஊர்ந்து ஏறும். அங்கே ஆக்ஸிலரேட்டரை ஒரு நூல் திறந்தால் ஒரு நூல் அளவுக்கே இழுவை வர வேண்டும். இடையில் ஒரு பள்ளம் விழுந்து, அதைத் தாண்டியதும் குபீரென்று இழுத்தால் பின் சக்கரம் கல்லில் வழுக்கும். அல்லது பள்ளத்திலேயே இன்ஜின் நின்றுவிடும். ஏற்றத்தின் நடுவில் 199 கிலோ ஹிமாலயன் நின்றால் பின்னால் உருளாமல் பிடித்து வைப்பது எளிதல்ல. ஓடையைக் கடக்கும்போது இன்ஜின் நின்றால் சைலென்சருக்குள் தண்ணீர் ஏறவும் வாய்ப்புண்டு; ஓடிக்கொண்டிருக்கும்வரை புகையின் அழுத்தமே தண்ணீரைத் தள்ளி வைக்கும். எக்ஸ்பல்ஸ் போன்ற 200 சிசி வண்டியில் தொடக்கத்திலேயே தாழ்ந்த சுழற்சியில் இழுவை குறைவு. நான்கு வால்வு மாடலில் உச்ச முறுக்குவிசை 17.35 நியூட்டன் மீட்டர், அதுவும் 6,500 சுழற்சியில்தான். அதில் அடிமட்டத்திலிருந்து இன்னும் சுரண்டி மேலே சேர்ப்பது மண்பாதைக்காக வண்டி வாங்கியவருக்குப் பொருந்தாத பண்டமாற்று.

பெட்ரோல் தெளிப்பைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஈசியூவை ரீமேப் செய்தால், அதாவது அதன் அட்டவணையை மாற்றி எழுதினால், இதெல்லாம் சரியாகிவிடும் என்பது அடுத்த மறுப்பு. இதில் சாரம் உண்டு. கவனமாகப் பார்க்க வேண்டும். இன்றைய வண்டிகளில் புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. சீரான வேகத்தில் போகும்போது அது தரும் தகவலைக் கொண்டு ஈசியூ காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தை 14.7:1 பக்கத்திலேயே திருத்திக்கொண்டிருக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகும்போது அந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு, நிறுவனம் எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்துப் பெட்ரோல் தெளிக்கும். அந்த அட்டவணை பழைய சைலென்சருக்கு எழுதியது. புதிய குழாயில் காற்றோட்டம் மாறியது அதற்குத் தெரியாது. கலவை மெலியும், வெப்பம் கூடும், ஆக்ஸிலரேட்டரை விடும்போது குழாய் இணைப்பில் கசியும் காற்றோடு எரியாத பெட்ரோல் சேர்ந்து பட்பட்டென்று வெடிக்கும். அந்த வெடிச்சத்தத்தை வலிமையின் அடையாளமாகக் கொள்கிறவர்கள் உண்டு. அது கலவையும் இணைப்பும் சரியில்லை என்பதன் அடையாளம். ரீமேப் கலவையைச் சரிசெய்யும், உண்மை. ஆனால் அலை எப்போது திரும்ப வேண்டும் என்பதை ரீமேப் மாற்ற முடியாது. அது குழாயின் நீளத்தில் இருக்கிறது. மேலும், டைனமோமீட்டரில் ஏற்றி அந்த வண்டிக்கென்றே செய்யும் ரீமேப் வேறு. எவருடைய வண்டிக்கோ எழுதிய கோப்பை லேப்டாப்பிலிருந்து ஏற்றிவிடுவது வேறு. சிறிய ஊர்களில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். பிஎஸ்6 புகை விதிமுறைப்படி வந்த வண்டியில் வினையூக்கி மாற்றி இருக்கும் முழுக் குழாயையும் கழற்றிவிட்டால் விஷயம் முற்றிலும் வேறாகிவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதிமுறை ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிராம் கார்பன் மோனாக்சைடு, 0.1 கிராம் ஹைட்ரோகார்பன், 0.06 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு என்று வரம்பு வைத்திருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்த மாற்றி இல்லாமல் எந்த மேப்பும் இந்த வரம்புக்குள் வண்டியைக் கொண்டுவராது.

எடை விஷயத்தில் மாற்று சைலென்சர்காரர்கள் சொல்வது உண்மை. பல அறைகள் கொண்ட இரும்புக் குழாயைவிட நேர்க்குழாய் எடை குறைந்தது. டைட்டானியம் என்றால் இன்னும் குறையும். அந்த எடை வண்டியின் பின்னால், உயரத்தில், ஒரு பக்கமாகத் தொங்குவது. அங்கிருந்து மூன்று கிலோ போனால் நின்றுகொண்டு ஓட்டும்போது வண்டி கைக்கு அடங்கும். இதை மறுக்கத் தேவையில்லை. அளவை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வண்டி, ஆள், மூட்டை மூன்றும் சேர்ந்து 290 கிலோ என்றால் மூன்று கிலோ அதில் நூற்றில் ஒரு பங்கு. நான்கு லிட்டர் பெட்ரோல் குறைவாக நிரப்பினாலும் அதே மூன்று கிலோ குறைகிறது, செலவில்லை, சத்தமில்லை. 15 லிட்டர் டேங்க் உள்ள வண்டியை நாகர்கோவிலிலிருந்து கீரிப்பாறைக்குப் போய்வர முழுக்க நிரப்ப வேண்டிய அவசியமில்லை. ஆயினும் 158 கிலோ எடையுள்ள எக்ஸ்பல்ஸை வைத்து மண்ணில் மட்டுமே பழகுகிறவருக்கு அந்த மூன்று கிலோ பொருட்படுத்தத்தக்கது. மாற்றுக் குழாய்க்குச் சார்பாக நான் ஏற்கும் ஒரே வாதம் இது.

வெப்பம், துரு இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குட்டையான சைலென்சரின் வாய் பக்கப்பைக்கு நேராக வந்துவிடும். பை கருகும், சில சமயம் உருகும். வெப்பத் தகடு இல்லாத உறை பின்னால் உட்காருகிறவரின் காலைச் சுடும். கோடையில் காய்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்தினால் அதுவும் ஆபத்து. முட்டம், குளச்சல் கரையோரம் அடிக்கடி ஓடும் வண்டிக்கு உப்புக்காற்று பெரிய எதிரி. கருப்பு வண்ணம் அடித்த சாதாரண இரும்புக் குழாய் வெல்டிங் ஓரங்களிலிருந்து பொரியத் தொடங்கும். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு நீடிக்கும். விலை சில ஆயிரத்தில் தொடங்கி, வெளிநாட்டு டைட்டானியக் குழாய்களில் லட்சத்தையும் தாண்டிப் போவதற்கு உலோகமும் ஒரு காரணம்.

சத்தத்துக்கு வருவோம். இந்தியாவில் 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு, தொழிற்சாலை அளவில், வண்டி கடந்து செல்லும்போது அனுமதிக்கப்படும் ஒலி 80 டெசிபெல்; 80 முதல் 175 சிசி வரை 77. ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கிறார்கள். 80 என்பது 90 ஆனால் ‘பத்துதானே கூடியது’ என்று தோன்றும். டெசிபெல் அப்படி ஏறும் அளவு அல்ல. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. தூரத்தில் கணக்கிட்டால் இன்னும் தெளிவாகும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஒலி ஆறு டெசிபெல் குறையும். குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்துக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு 45 டெசிபெல். அது சராசரிக்கு வைத்த வரம்பு. ஒப்பீட்டுக்காக மட்டும் எடுத்துக்கொள்வோம். 80 டெசிபெல் வண்டி முடுக்கும்போது எழும் ஒலி 45-ஆகத் தேய ஏறத்தாழ 420 மீட்டர் வேண்டும். 90 டெசிபெல் வண்டிக்கு 1,300 மீட்டருக்கு மேல் வேண்டும். முன்னதைக் கேட்கும் வீடுகளைப் போலப் பத்து மடங்கு பரப்பிலுள்ள வீடுகள் பின்னதைக் கேட்கும். கட்டடமும் மரமும் இதைக் குறைக்கும், காற்று கூட்டும். காற்று வீசும் திசையில் ஒலி தரையை நோக்கி வளைந்து நெடுந்தூரம் செல்லும் என்பது ஒலியியலில் நன்கு அறிந்த விஷயம். ஆகவே ஆடிமாத இரவில் ஆரல்வாய்மொழியில் முடுக்கிய வண்டியின் ஒலியைக் காற்று கிழக்கே கொண்டுபோகும். ஓட்டுகிறவர் காதிலோ ஹெல்மெட்டைச் சுற்றி அடிக்கும் காற்றின் இரைச்சல்தான் முன்னால் நிற்கும்; நெடுஞ்சாலை வேகத்தில் அது 95 டெசிபெல்லைத் தாண்டும். தன் சைலென்சரின் சத்தத்தைக் குறைவாகக் கேட்கிறவர் அதை வாங்கியவர்தான்.

சத்தம் உயிரைக் காக்கும், லாரிக்காரருக்கு நாம் வருவது தெரியும் என்ற வாதம் உலகெங்கும் உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம் சாலைகளில் இருசக்கர வண்டிக்காரர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் சான்று அதன் பக்கம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து ஹாரி ஹர்ட் குழுவினர் 1981-இல் வெளியிட்ட அறிக்கை இந்தத் துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. விபத்துக்குக் காரணமான ஆபத்து, முக்கால் பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில், ஓட்டுகிறவருக்கு நேர் முன்னால், இருபுறமும் 45 பாகைக்குள் இருந்தது என்று அது கண்டது. சைலென்சரின் வாய் பின்னோக்கி இருக்கிறது. எதிரே திரும்பும் காருக்கோ, சந்திலிருந்து தலைநீட்டும் ஆட்டோவுக்கோ போக வேண்டிய ஒலி, கடந்துவந்த வீடுகளுக்குப் போகிறது. கண்ணாடி ஏற்றிய, பாட்டு ஓடும் காருக்குள் தாழ்ந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவதும் கடினம். முன்னோக்கி ஒலிக்கும் ஹார்ன், பகலிலும் எரியும் முகப்பு விளக்கு, வெளிர்நிற ஹெல்மெட், பிரேக்கைப் பழகுதல் ஆகியவை இதைவிட உறுதியான காவல்.

பேருந்தின் காற்று ஹார்னும் திருவிழா ஒலிபெருக்கியும் இருக்கும் ஊரில் என் குழாயை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவையும் தவறுதான். ஒன்றின் தவறு மற்றொன்றுக்கு அனுமதிச் சீட்டாகாது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. டூயல் ஸ்போர்ட் வண்டியை வாங்குவதே பேருந்தும் ஒலிபெருக்கியும் எட்டாத இடத்துக்குப் போகத்தான். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர், அதன் ஓரத்துத் தோட்டப் பாதைகளில் விடியற்காலையில் பால்வெட்டும் தொழிலாளர்கள் நடமாடுகிறார்கள், யானையும் நடமாடுகிறது. யானை கிளை முறிக்கும் ஓசையைக் கேட்டுத்தான் அங்கே மனிதர்கள் ஒதுங்குகிறார்கள். அந்த ஓசையை மூடிவிடும் வண்டி தனக்கும் ஆபத்து, நடந்து போகிறவருக்கும் ஆபத்து. அதற்கு மேல் ஒரு நடைமுறை உண்மையும் உண்டு: தோட்டத்துப் பாதை எதுவும் ஓட்டுகிறவருக்கு உரிமையாகக் கிடைத்ததல்ல, தோட்டமும் வனத்துறையும் பொறுத்துக்கொள்வதால் கிடைப்பது. சத்தம் அதிகமானால் முதலில் மூடப்படுவது அந்தப் பாதையின் கேட். அமைதியான சைலென்சரோடு வந்தவருக்கும் சேர்த்துத்தான் அது மூடும்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை இறுக்கமாகவே உறுதிப்படுத்தியது. ஆர்.சி. புத்தகத்தில் சைலென்சரைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்று வாதிடுகிறவர்களின் தர்க்கத்தில் பொருளுண்டு. ஆனால் அந்த வாசலில் நுழைந்தாலும் அடுத்த வாசல் மூடியிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆம் விதி எல்லா வண்டிக்கும் ஒலியை இயன்றவரை குறைக்கும் சைலென்சர் வேண்டும் என்கிறது. 115-ஆம் விதி புகையைக் கட்டுப்படுத்துகிறது. ஒலி, காற்று மாசு தரங்களை மீறினால் 190(2) பிரிவின்கீழ், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கூடவே மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமம் இழப்பு. மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. தண்டனையில் குறைவில்லை. அளவையில்தான் குறை. ஆண்டுதோறும் எடுக்கும் புகைச் சான்றில் ஒலி அளக்கப்படுவதில்லை. சாலையில் பிடிக்கும் காவலர் பெரும்பாலும் காதையும் கண்ணையும் நம்புகிறார். தொழிற்சாலைக் குழாயைத் துளையிட்டு வந்தவர் தப்பிவிடலாம். அமைதியான மாற்றுக் குழாய் போட்டவர் அதன் தோற்றத்துக்காகவே மாட்டலாம். பறிமுதல் செய்த சைலென்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றும் காட்சி பல நகரங்களிலிருந்து அவ்வப்போது செய்தியாகிறது. அந்த ரோலருக்கு 78 டெசிபெல் குழாயும் 98 டெசிபெல் குழாயும் ஒன்றுதான்.

இந்த வேறுபாட்டைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த நாடுகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் மாற்று சைலென்சருக்கென்றே ஐ.நா.வின் 92-ஆம் ஒழுங்குமுறை உண்டு. எந்த மாடலுக்கு என்று குறிப்பிட்டு, அசல் குழாயோடு ஒப்பிட்டு அளந்து, தேறினால் ‘ஈ’ முத்திரை பொறிக்கிறார்கள். பஞ்சு வைத்த சைலென்சர் என்றால் அது தேய்ந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அளவு. முதல் நாள் அமைதி கணக்கில் வராது. ஜப்பானும் 2010-இல் இதுபோன்ற முன்சான்று முறைக்கு வந்தது. அமெரிக்க வனத்துறை நிலங்களில் தீப்பொறி தடுப்பான் பொருத்திய குழாய் கேட்கிறார்கள். இவை எதுவும் ஓட்டுகிறவரின் விருப்பத்துக்கு எதிரானவை அல்ல. எடை குறைந்த குழாயை விரும்பும் ஒருவர், அது அளவுக்குள் இருக்கிறது என்று யாரோ அளந்து சொன்னதை நம்பி வாங்கலாம். காவலரிடம் முத்திரையைக் காட்டலாம். இங்கே அதற்கான வசதி இல்லை என்று சொல்லிவிட முடியாது. புனேயில் வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏஆர்ஏஐ இருக்கிறது. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஹிமாலயன் தயாராகும் ஆலைகளும் அந்த வட்டாரத்தில்தான் உள்ளன. பெங்களூரு போன்ற நகரங்களில் நல்ல வெல்டிங்கும் நல்ல எஃகும் கொண்டு குழாய் செய்யும் இந்திய நிறுவனங்கள் வளர்ந்திருக்கின்றன. இன்று அவை ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டுச் சாலைக்காரர்களுக்கு விற்கின்றன. சான்று முறை வந்தால் அந்தப் பாசாங்கு தேவைப்படாது. வடிவமைப்பாளரின் திறமை சத்தத்தைக் கூட்டுவதிலிருந்து அமைதியோடு எடையைக் குறைப்பதற்குத் திரும்பும். தரச்சான்று போலி முத்திரைகளைத்தான் பெருக்கும் என்ற அச்சம் உண்டு. ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரைக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள் அப்படி அஞ்சுவது இயல்பு. ஆனால் போலி ஹெல்மெட்டைச் சாலையோரத்தில் சோதிக்க முடியாது, சைலென்சரை முடியும். நின்ற இடத்திலேயே குறிப்பிட்ட சுழற்சிக்கு முடுக்கி, வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி மீட்டர் பிடித்து அளக்கும் முறை பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. ஆரல்வாய்மொழி வழியாக மாவட்டத்துக்குள் வரும் வண்டிகளை நிறுத்தும் இடத்தில் அப்படி ஒரு மீட்டர் இருந்தால் போதும்.

அதுவரை ஒருவர் என்ன செய்யலாம்? வேலி கட்டிய தடத்தில், பந்தய அமைப்பு நடத்தும் போட்டியில் ஓடும் வண்டிக்கு மாற்றுக் குழாய் போடுவதில் தடையில்லை. அந்த மோட்டார் சைக்கிளை அங்கே வேறொரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. சாலையில் பதிவான வண்டிக்கு நிறுவனத்தின் குழாயே என் பரிந்துரை. அது கல்லில் அடிபட்டு நசுங்கினால் நசுங்கலை எடுத்து, ஓட்டையை ஆர்கன் வெல்டிங்கில் அடைத்து, இணைப்பு கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டாலே பல நேரம் போதும். பழைய இழுவை திரும்பிவிடும். ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் அசல் சைலென்சரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடக்கூடாது. 15 ஆண்டு கழித்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நிறுத்தும்போதும், நடுவில் விற்கும்போதும் அது தேவைப்படும். வைத்திருக்கும் மாற்றுக் குழாயில் டிபி கில்லரை மாட்டி, போல்ட் கழலாமல் புள்ளி வெல்டிங் வைத்து, பஞ்சை மாற்றி, ஆக்ஸிஜன் சென்சார் அசல் இடத்திலேயே, கசிவில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது உடனே செய்யக்கூடியது. புதிதாகச் செலவழிக்கக் கையில் காசு இருந்தால் மண்பாதைக்கு ஏற்ற டயரும், சுமைக்கு ஏற்ற பின் ஸ்பிரிங்கும், சங்கிலியின் பின் பல்சக்கரத்தில் ஓரிரு பல் கூடுதலும் வாங்கலாம். கணவாயின் எதிர்க்காற்றில் குறைந்துபோன கையிருப்பு இழுவையை அந்தக் கடைசிப் பொருள் குறைந்த செலவில் ஓரளவு சக்கரத்துக்குத் திருப்பித் தரும். அதற்கு விலையாகப் போவது உச்ச வேகத்தில் கொஞ்சம் மட்டுமே.